பதுளைக்குப் போன வழிகள்

பதுளை ஒரு பள்ளத்து ஊர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீட்டர் உயரத்தில் இருந்தாலும், சுற்றி நிற்கும் மலைகளிலிருந்து பார்க்கிறவருக்கு அது கிண்ணத்தின் அடியில் கிடப்பதாகவே தோன்றும். தென்கிழக்கே 2,036 மீட்டர் உயர நமுனுகுல தன் ஒன்பது முடிகளோடு நிற்கிறது. மேற்கே ஹோர்ட்டன் சமவெளியின் விளிம்பு. தெற்கே ஹப்புத்தளை முகடு; அதற்கு அப்பால் நிலம் சட்டென்று சரிந்து வெல்லவாயவின் வெப்பக் காட்டில் இறங்கிவிடுகிறது. ஊரைத் தொட்டு ஓடும் பதுளு ஓயா வடக்கே போய் மகாவலியில் சேர்கிறது. ஆகவே பதுளைக்கு வருகிறவர் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் ஒரு மலையை ஏறி இறங்கியாக வேண்டும், இல்லையென்றால் ஒரு காட்டைக் கடந்தாக வேண்டும். இன்று கொழும்பிலிருந்து மூன்று நாள் விடுமுறையில் பதுளை, எல்ல, ஹப்புத்தளை என்று சுற்றித் திரும்பிவிடலாம். அந்த வழிகளில் ஒன்றுகூடச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்காக வெட்டப்பட்டதல்ல. உப்புக்காகவும் படைக்காகவும் கோப்பிக்காகவும் தேயிலைக்காகவும் வெட்டப்பட்டவை அவை. பயணிகள் அந்தச் சுமைகளின் பின்னால் வந்தவர்கள்.

பதுளையில் வைக்கப்பட்டிருக்கும் ஒரு கற்றூண் இதற்கு மிகப் பழைய சாட்சி. 10ஆம் நூற்றாண்டில் நான்காம் உதயன் காலத்தில் பொறிக்கப்பட்ட சிங்களக் கல்வெட்டு அது. மஹியங்கனைக்கு அருகே சொரபொர குளத்துப் பக்கம் இருந்ததை ஆங்கிலேய அதிகாரி ஒருவர் பின்னாளில் பதுளைக்குக் கொண்டுவந்தார். மஹியங்கனைக்கு வழிபட வந்த அரசனிடம் ஹோபிட்டிகம என்ற சந்தை ஊரின் வணிகர்களும் ஊராரும் போய், அதிகாரிகள் தங்களை வருத்துவதாக முறையிட்டார்கள். அரசன் கொடுத்த கட்டளைதான் தூணின் நான்கு பக்கமும் நிறைந்திருக்கிறது. ஊரில் விற்கும் பொருளுக்கே வரி, ஊரைக் கடந்து போகும் பொருளுக்கு இல்லை என்பது அதில் ஒரு விதி. கடந்து போகிறவர்களுக்கென்று தனி விதி எழுத வேண்டியிருந்தது என்றால், பதுளையைச் சூழ்ந்த ஊவா நாட்டின் வடவாசலில் அப்போதே போக்குவரத்து கனமாக இருந்திருக்கிறது.

அந்தப் போக்குவரத்தைச் சுமந்தவை மாடுகள். தவளம் என்பது பொதிமாட்டுக் கூட்டத்தின் பெயர். ஒவ்வொரு மாட்டின் முதுகிலும் இரு பக்கமும் தொங்கும்படி பொதி ஏற்றி, ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிப் போவார்கள். அம்பாந்தோட்டை உப்பளங்களின் உப்பும் கரையோரத்துக் கருவாடும் மேலே ஏறின; பாக்கும் மலைநாட்டு விளைபொருளும் கீழே இறங்கின. மலைநாட்டில் உப்பு விளையாது என்பதால், உப்பு வரும் வழி அடைபட்டால் ஊவாவின் அடுப்புகள் வாடும். தவளம் ஓட்டியவர்களில் முஸ்லிம்கள் கணிசமானவர்கள். இலங்கை வரலாற்றின் பெரிய கிளர்ச்சி ஒன்றுக்குள்ளேயே இந்தத் தொழிலின் பெயர் புகுந்திருக்கிறது. 1817இல் ஊவாவை அடுத்த வெல்லஸ்ஸயில் ஆங்கிலேயர் முகாந்திரம் என்ற பதவியில் அமர்த்திய ஹாஜி மரைக்காரை அக்கால ஆவணங்கள் தவளத்தோடு சேர்த்தே குறிப்பிடுகின்றன. அந்த நியமனம் உள்ளூர்த் தலைவர்களைச் சினப்படுத்தியது. ஊவா வெல்லஸ்ஸ கிளர்ச்சிக்கு அதுவும் ஒரு காரணம்.

கண்டிக்கும் பதுளைக்கும் இடையிலான பழைய நடைவழியின் ஒரு துண்டு இன்னும் கண்ணால் காணக் கிடைக்கிறது. ஹாலி-எலவிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், போகொடவில், ஓடையின் மேல் கூரை வேய்ந்த மரப்பாலம் ஒன்று நிற்கிறது. பல நூற்றாண்டுப் பழமையுடையது. பலகைத் தளம், இரு பக்கமும் கடைந்த தூண்கள், மேலே ஓடு. மழையில் அகப்பட்ட வழிப்போக்கன் பாலத்திலேயே ஒதுங்கி நிற்கலாம். பாலத்தை ஒட்டிக் குகை விகாரை. ஆற்றைக் கடப்பதும் இளைப்பாறுவதும் கும்பிடுவதும் ஒரே இடத்தில் முடியும்படி அமைத்திருக்கிறார்கள். மூன்று நாள் பயணத்தில் வருகிறவர்களில் பெரும்பாலோர் எல்லயின் இரயில் பாலத்துக்குக் கூட்டமாகப் போகிறார்கள். போகொடவுக்கு வருகிறவர் மிகக் குறைவு. பதுளைப் பயணத்தின் தொடக்கத்தைப் பார்க்க விரும்புகிறவருக்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

படைகளும் இதே வழிகளில் வந்தன. 1630இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தினோ த சா கொழும்பிலிருந்து மலையேறி வந்து பதுளையைத் தீக்கிரையாக்கினான். முத்தியங்கனை விகாரையும் தப்பவில்லை. திரும்பும் வழியில் வெல்லவாயவுக்கு அருகே ரந்தெனிவெலவில் கண்டிப் படை வளைத்துக்கொண்டது. தளபதியும் அவன் படையும் அங்கேயே அழிந்தார்கள். பதுளைக்கு ஏறுவது பாதி வேலைதான், இறங்குவதுதான் ஆபத்து என்பதைக் கண்டிப் படை தெரிந்து வைத்திருந்தது. 1815இல் கண்டி அரசு ஆங்கிலேயர் கைக்குப் போன பிறகு, 1818இல் ஊவாவின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட விதம் கொடியது. வயல்கள் எரிக்கப்பட்டன, ஊர்கள் வெறுமையாயின. அதன் பிறகு பதுளை ஒரு காவல் நிலையமாகவும் கச்சேரி ஊராகவும் மாறியது. குதிரையும் சுமைகூலிகளும் செல்லத்தக்க பாதைகளும், அதிகாரிகள் இரவு தங்க வாடிவீடுகளும் தோன்றின.

அந்த வாடிவீடுகளில் ஒன்றோடு சேர்ந்த கதை பதுளை நகரின் நடுவில் கல்லாக நிற்கிறது. மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் பதுளையில் படைத் தலைவராகவும் நிர்வாகியாகவும் இருந்தவர். 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர் என்று சொல்லப்படுகிறது. 1845 ஜூன் 7ஆம் நாள் ஹப்புத்தளை வாடிவீட்டில் இடிமழை ஓய்கிறதா என்று பார்க்க விறாந்தைக்கு வந்தபோது மின்னல் தாக்கி இறந்தார். அவர் நினைவாக எழுந்ததுதான் பதுளை புனித மாற்கு தேவாலயம். அவரைப் புதைத்த நுவரெலியாவில் கல்லறையையும் மின்னல் பிளந்தது என்று மலைநாட்டில் சொல்வார்கள். கொன்ற யானைகளின் பாவம் என்று அதற்குப் பொருளும் சொல்வார்கள். அந்த எண்ணிக்கையில் பாதியே உண்மையாக இருந்தாலும், ஹப்புத்தளையிலிருந்து வெல்லவாய வரை அந்நாளில் எத்தனை யானைகள் நடமாடின என்று எண்ணிப் பார்க்க அது போதும்.

1830களுக்குப் பிறகு கோப்பி வந்தது. மலைகளின் நிறமே மாறியது. காடழித்த சரிவுகளில் கோப்பி நட ஆள் வேண்டும். அந்த ஆட்கள் தமிழ்நாட்டின் தெற்கு மாவட்டங்களிலிருந்து வந்தார்கள். ஆள் சேர்த்த கங்காணியின் பின்னால் ஊரைவிட்டுக் கிளம்பி, பாக்குநீரிணையைத் தோணியில் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். ஊவாவுக்குக் கூட்டிக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு மாத்தளையோ கண்டியோ முடிவல்ல, பாதி வழி. அங்கிருந்து மறுபடி ஏறி, குளிரில் நடுங்கி, மறுபடி இறங்கினால்தான் பதுளைப் பள்ளம். வாந்திபேதியிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். இவர்கள் நடந்த நடைதான் பதுளைக்கு நடந்த பயணங்களிலேயே நீண்டது. அதைப் பற்றி ஒரு வழிகாட்டி நூலும் எழுதப்படவில்லை. நினைவு வாய்மொழியிலும் நாட்டார் பாடல்களிலும் மட்டும் தங்கியது. 2023இல் மலையக மக்கள் இலங்கைக்கு வந்து 200 ஆண்டு நிறைவை நினைந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மீண்டும் நடந்தபோதுதான் அந்த வழி முழுதாக வெளியுலகின் கண்ணுக்குப் பட்டது.

கோப்பி மூட்டைகள் ஊவாவிலிருந்து துறைமுகம் போய்ச் சேர்வதும் லேசான காரியமல்ல. மாட்டுக் கரத்தைகள் ஹப்புத்தளை வழியே ஹல்துமுல்ல, பலாங்கொடை என்று இறங்கி இரத்தினபுரிப் பக்கம் போயின. அங்கிருந்து களுகங்கையில் படகும் உண்டு. அல்லது நுவரெலியா ஏறி றம்பொடை வழியாகக் கண்டிப் பக்கம் இறங்கின. எந்த வழியானாலும் வாரக்கணக்கில் ஆகும். மழையில் பாதை கரைந்தால் மூட்டை வழியிலேயே கிடக்கும். திரும்பி வரும் கரத்தையில் தோட்டத்துக்கு அரிசி வரும். ஊவாவின் தோட்டக்காரர்கள் இரயிலுக்காக விடாமல் மனுப் போட்டதற்குக் காட்சி பார்க்கும் ஆசை காரணமல்ல. கரத்தைக் கூலி அவர்கள் இலாபத்தைத் தின்றது.

இரயில் வருவதற்குள் கோப்பியே போய்விட்டது. 1869இல் கோப்பி இலையில் செம்மஞ்சள் பொடியாகத் தோன்றிய பூஞ்சை நோய் இலங்கையில் முதலில் கவனிக்கப்பட்டது ஊவாவின் மடுல்சீமைப் பகுதியில்தான். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தோட்டங்கள் மடிந்தன. அந்த இடைவெளியை நிரப்ப வந்த பயிருக்கும் தென் அமெரிக்க மலைகளுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. மலேரியாக் காய்ச்சலுக்குக் கொய்னா தரும் சிங்கோனா மரம் அந்தீஸ் மலைச் சரிவுகளில், பெரு, ஈக்குவடோர் நாடுகளில் வளர்வது. 1860இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் தலைமையில் அங்கே போன குழுக்கள் கொண்டுவந்த விதையும் கன்றும் நீலகிரிக்கும் இலங்கைக்கும் வந்தன. 1861இல் ஹக்கலையில் தோட்டம் அமைக்கப்பட்டதே சிங்கோனாக் கன்று வளர்க்கத்தான். நுவரெலியாவிலிருந்து பதுளைக்கு இறங்கும் வீதியில், ஊவாப் பள்ளம் முதன்முதலாகக் கண்முன் விரியும் விளிம்பில் இருக்கிறது ஹக்கலை. இன்று அங்கே ரோசாப்பூப் பார்க்க நிறுத்துகிறவர்கள் நிற்பது அந்தீஸ் மலை மரம் ஒன்று ஊவாவுக்குள் நுழைந்த வாசலில். சில ஆண்டுகள் சிங்கோனாப் பட்டை நல்ல விலை போனது. எல்லாரும் நட்டதால் விலை விழுந்தது. மலைகள் தேயிலைக்கு மாறின.

தேயிலை ஊவாவில் வேறு குணம் கொண்டது. அதற்குக் காரணமான காற்றை அறிந்துகொள்வது பயணத்துக்கும் உதவும். தென்மேற்குப் பருவமழை அட்டன், நுவரெலியாப் பக்கத்து மலைகளில் மோதித் தன் நீரையெல்லாம் அங்கேயே கொட்டிவிடுகிறது. முகட்டைத் தாண்டி ஊவாவுக்குள் இறங்குவது ஈரமற்ற காற்று மட்டும். மக்கள் அதைக் கச்சான் என்பார்கள். ஜூலை முதல் செப்டெம்பர் வரை அது வீசும்போது தேயிலைச் செடி வாடி, இலை தடிக்காமல், தளிர் மெதுவாக வளரும். அந்தக் கொழுந்தில் புதினாவை நினைவூட்டும் கூர்மையான வாசம் ஏறும். ஊவாத் தேயிலை உலகச் சந்தையில் பெயர் எடுத்தது அந்த மூன்று மாதக் கொழுந்தால். ஊவாவின் மழைக்காலம் வடகிழக்குப் பருவத்தோடு, ஐப்பசி முதல் தை வரை. மண்சரிவும் அப்போதுதான், 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் தொழிலாளர் லயன் வீடுகளை மண் மூடியதும் அந்த மழையில்தான். அட்டன் நனையும் காலத்தில் பதுளை காயும்; பதுளை நனையும் காலத்தில் ஊவாவின் வீதிகளையும் தண்டவாளங்களையும் நம்ப முடியாது. மலைநாடு முழுவதற்கும் ஒரே காலநிலை என்று எண்ணி நாள் குறிக்கிறவர்கள் தவறுவது இங்கேதான்.

1886இல் ஆளுநர் ஆர்தர் கோர்டன் காலத்தில் ஊவா தனி மாகாணமாகியது. பதுளை அதன் தலைநகரம். அதற்கு முந்திய ஆண்டே இரயில் நானுஓயா வரை வந்துவிட்டது. பிறகு 1893இல் ஹப்புத்தளை, 1894இல் பண்டாரவளை. இடையில் 1890இல் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து ஹப்புத்தளைப் பகுதியில் தம்பேதன்ன உள்ளிட்ட தோட்டங்களை வாங்கினார். தன் தோட்டங்களைப் பார்க்க அவர் உட்கார்ந்ததாகச் சொல்லப்படும் முகடு இன்று லிப்டன் சீட். தோட்டத்துத் துரைமாருக்காகப் பண்டாரவளையில் எழுந்த விடுதி பின்னர் பயணிகளின் ஹோட்டல் ஆனது. 1900இல் தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போவர் கைதிகள் ஆயிரக்கணக்கில் இரயிலேற்றித் தியத்தலாவைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். தகரக் கொட்டகைகள் நிறைந்த முகாம் சில வாரங்களில் ஒரு சிறு நகரமாயிற்று. 1902இல் போர் முடிந்ததும் வெறுமையாயிற்று. இன்று அங்கே இராணுவப் பயிற்சி நிலையம் இருக்கிறது.

பண்டாரவளையோடு தண்டவாளம் நின்றது. மாகாணத் தலைநகரம் 30 ஆண்டு காத்திருந்தது. 1908இல் வெளிவந்த ஹென்றி கேவின் இலங்கை வழிகாட்டி, நாட்டையே இரயில் நிலையம் நிலையமாக வரிசைப்படுத்திச் சொல்கிறது. அப்போது ஊவாவுக்கு வண்டி ஏறியவர் பண்டாரவளையில் இறங்கியே ஆக வேண்டும். அங்கிருந்து வீதி வழியே எல்ல, தெமோதரை, ஹாலி-எல என்று பதுளைக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். வண்டி சொல்லி வைக்க வேண்டும், எல்ல வாடிவீட்டில் இடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். நமுனுகுல ஏற விரும்பினால் தோட்டத்துத் துரையின் தயவும் தேவை. மலைக்குப் போகும் பாதை தோட்டங்களுக்குள்ளால் போனது.

எஞ்சிய பாதைதான் மிகக் கடினமானது. பண்டாரவளை 1,200 மீட்டருக்கு மேல், பதுளை 680. இந்த வீழ்ச்சியை அகலப்பாதை இரயில் தாங்கும் சரிவில் இறக்க வேண்டும். எல்லக்கும் தெமோதரைக்கும் இடையில் ஒரு பள்ளத்தாக்கின் மேல் எழுந்ததுதான் ஒன்பது வளைவுப் பாலம். நீளம் ஏறத்தாழ 90 மீட்டர், உயரம் 24 மீட்டர், 1921இல் முடிந்தது. கல்லும் செங்கல்லும் சீமெந்தும்தான். இரும்புச் சட்டம் இல்லை. முதல் உலகப் போருக்கு இரும்பு போய்விட்டதால் உள்ளூர்ப் பொருளைக் கொண்டு கட்டினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். மெலிமடையைச் சேர்ந்த பி. கே. அப்புஹாமியின் பெயர் அந்தக் கட்டுமானத்தோடு இன்றும் சேர்த்துப் பேசப்படுகிறது.

அதற்கு அடுத்தது தெமோதரை வளையம். நிலையத்தைக் கடந்த தண்டவாளம் மலையைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்துக்கு அடியில் உள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது. நிலையத்தின் விளிம்பிலிருந்து குனிந்து பார்த்தால், சற்று முன் புறப்பட்ட வண்டி காலுக்குக் கீழே எதிர்த் திசையில் போவது தெரியும். இதை யார் யோசித்தார்கள் என்பதற்கு ஊவாவின் தமிழர்கள் ஒரு கதை வைத்திருக்கிறார்கள். இறக்கத்தை எப்படிச் சமாளிப்பது என்று வெள்ளைக்கார இன்ஜினியர் விழித்து நிற்கிறார். பக்கத்தில் நின்ற பெரிய கங்காணி தன் தலைப்பாகையை அவிழ்த்து, மறுபடி தலையைச் சுற்றிச் சுற்றிக் கட்டுகிறார். துணி சுற்றிவந்து தன் அடியிலேயே செருகப்படுவதைக் கண்ட துரைக்கு வழி பிடிபடுகிறது. இதற்குப் பத்திரச் சான்று கிடையாது. மலையை வெட்டியவர்களிடம் கைகளோடு மூளையும் இருந்தது என்பதைச் சொல்ல அவர்களுக்கு ஒரு கதை தேவைப்பட்டிருக்கிறது. தலைப்பாகையை விடப் பொருத்தமான உருவம் கிடைப்பது அரிது.

1924இல் இரயில் பதுளையை அடைந்தது. கொழும்புக் கோட்டையிலிருந்து ஏறத்தாழ 290 கிலோமீட்டர். வழியில் பட்டிப்பொல 1,891 மீட்டர் உயரம். அதைத் தாண்டியதும் முகட்டைத் துளைத்துப் போகும் சுரங்கம். இந்தப் பக்கம் மூடுபனியும் தூறலுமாக இருக்கும். யன்னல் கண்ணாடிகளை இழுத்து மூடிக்கொண்டு, போர்வைக்குள் ஒடுங்கி, சனம் பேச்சை நிறுத்திவிட்டிருக்கும். சுரங்கத்தின் இருட்டு முடிந்து ஒஹியாப் பக்கம் வெளிப்பட்டால் பல நாள் பளிச்சென்ற வெயில். உடனே யன்னல்கள் திறக்கும், போர்வைகள் மடங்கும், பிள்ளைகள் கத்தத் தொடங்கும். ஊவா வந்துவிட்டது என்று அறிவிப்புப் பலகை சொல்லத் தேவையில்லை.      1950களில் இரயில்வேயை நடத்திய பி. டி. ரம்பாலா காலத்தில் மலைநாட்டு வண்டிகளுக்கு உடரட்ட மெனிக்கே, பொடி மெனிக்கே என்று பெயர் வந்தது. கொழும்புத் திட்டத்தின் கீழ் கிடைத்த டீசல் எஞ்சின்கள் கனடாவின் மாகாணப் பெயர்களைத் தாங்கிக்கொண்டு ஹப்புத்தளை ஏறின.

தோட்டத்து மக்கள் இரயிலைக் கோச்சி என்றார்கள். அவர்களுக்கு அது முதலில் வரவழைக்கும் வண்டி. 1914இல் தலைமன்னார் வரை பாதை போடப்பட்டுத் தனுஷ்கோடியிலிருந்து கப்பலும் ஓடத் தொடங்கியது. மண்டபம் முகாமில் தங்கி, கப்பலேறி, பொல்கஹவெலையில் மலைப்பாதைக்கு மாறி நேரே ஊவாவுக்கு வந்தார்கள். வந்தவர் கழுத்தில் கயிற்றில் ஒரு தகரத் துண்டு தொங்கியது. அதில் ஓர் எழுத்து, ஓர் எண். எழுத்து மாவட்டம், எண் தோட்டம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் போகும் இடம் தவறாமல் போய்ச் சேர இது வழி செய்தது. அவர் பயணச் செலவு எந்தத் தோட்டத்தின் கணக்கில் என்பதும் அதே தகரத்தில் இருந்தது. சீட்டு வாங்கி வண்டியேறிய பயணியையும் தகரத் துண்டு மாட்டி வண்டியேற்றப்பட்ட மனிதரையும் ஒரே பாதை ஒரே நாளில் சுமந்தது.

அவர்கள் தங்களுக்காக மேற்கொண்ட பயணம் கதிர்காமம். ஆடி விழாவுக்கு ஹப்புத்தளை, கொஸ்லாந்தை, வெல்லவாய, புத்தல என்று இறங்கும் வழி தவளம் போன வழியேதான். காவடிக் கட்டும் கட்டுச்சோறும் எடுத்துக்கொண்டு கூட்டமாக நடந்தார்கள். பதுளை டவுனுக்கு வருவது இன்னொரு பயணம். சம்பளம் கிடைத்த கிழமையில் பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஸ்பிரிங்வெளித் தோட்டங்களிலிருந்து இறங்கி, பஜாரில் துணியும் கருவாடும் வெற்றிலையும் வாங்கி, சினிமா பார்த்து, இருட்டுமுன் மலையேறுவார்கள். அந்தக் கருவாட்டில் ஒரு பங்கு கிழக்கிலிருந்து வந்தது. பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை, மஹாஓயா வழியாகச் செங்கலடியில் முடியும் நெடுவீதிக்கு மட்டக்களப்பார் இட்ட பெயர் பதுளை வீதி. அங்கே பிறந்தவர்களில் பலர் பதுளையைக் கண்டதில்லை. ஆனால் பதுளை வீதி அவர்கள் முகவரியில் இருக்கிறது.

பிறகு திருப்பி அனுப்பும் வண்டியும் அதே தண்டவாளத்தில் ஓடியது. 1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது, மிச்சத்தைப் பின்னர் பேசுவது என்று பிரித்தது. ஒரே லயத்தில் அண்ணன் போகிறவர், தம்பி இருக்கிறவர். ஊவாவின் நிலையங்களில் தகரப் பெட்டியோடும் சாக்கு மூட்டையோடும் ஏறியவர்களும், ஏற்றிவிட வந்தவர்களும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். தலைமன்னாருக்குப் போன அந்த வண்டியை மலையகத்தார் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். 1983 ஜூலை 27ஆம் நாள் பதுளை பஜாரில் தமிழர் கடைகள் எரிந்தன. அதன் பின் இன்னும் பலர் போனார்கள். அடுத்த ஆண்டு கப்பலும் நின்றது.

2009இல் போர் முடிந்தபின் பயணிகள் கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கினர். வாடிவீடும் சில கடைகளுமாக இருந்த எல்ல, விடுதிகளின் ஊராயிற்று. பதுளையோ அவ்வளவாக மாறவில்லை. வண்டியின் கடைசி நிலையமாகவும், மாகாணத்து ஆஸ்பத்திரியும் கச்சேரியும் உள்ள ஊராகவும், 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தின் ஊராகவும் தன் வேலையைப் பார்க்கிறது. மூன்று நாள் வருகிறவர்கள் பெரும்பாலும் எல்லயிலேயே இறங்கிவிடுகிறார்கள். அதனால் வண்டியின் கடைசி ஒரு மணி நேரமும், அதிலுள்ள தெமோதரை வளையமும், முத்தியங்கனையும், ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி 64 மீட்டர் உயரத்திலிருந்து புகையாகக் கொட்டும் துன்ஹிந்த அருவியும் அவர்களுக்குத் தவறிவிடுகின்றன. பதுளையில் முதலில் இறங்கி, மேல்நோக்கித் திரும்பி எல்ல, பண்டாரவளை, ஹப்புத்தளை என்று ஏறுவது நல்ல ஒழுங்கு. வெப்பத்தில் தொடங்கிக் குளிரில் முடியும். திரும்பும் வண்டியும் வழியிலேயே கிடைக்கும்.

ஹப்புத்தளையிலிருந்து தம்பேதன்னைக்குச் சுமார் 10 கிலோமீட்டர். லிப்டன் சீட்டுக்கு விடியுமுன் போக வேண்டும். வெயில் ஏறினால் கீழிருந்து பனி எழுந்து தெற்குச் சமவெளியை மறைத்துவிடும். முகட்டில் வெளிச்சம் விழும் அந்த நேரத்தில் கீழே பிரட்டுக்களத்தில் ஆட்கள் கூடிவிடுவார்கள். எந்த மலையில் யார் கொழுந்தெடுப்பது என்று கங்காணி பிரித்துச் சொல்வார். ரெட்டுத் துணியை இடுப்பில் சுற்றி, கூடைக் கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டு பெண்கள் நிரைக்கு ஏறுவார்கள். காட்சி பார்த்துவிட்டு இறங்கும் பயணிகளும் ஏறும் பெண்களும் பாதி வழியில், ஓர் ஆள் அகலப் பாதையில், ஒதுங்கி வழி விட்டுக்கொள்கிறார்கள்.